பாராட்டு போதாது, துணை வேண்டும்

இல்லமே குழந்தையின் முதற் பள்ளிக்கூடம் என்று பெரியோர் கூறுவர். பேசவும், நடக்கவும், சிலுவை அடையாளம் வரையவும் நாம் கற்றது வீட்டில்தான். ஆனால் சில பிள்ளைகளுக்கு வீடு பள்ளிக்கூடமாக மட்டும் இருப்பதில்லை; மருத்துவமனையாகவும் இருக்கிறது. அங்கே மருத்துவர் இல்லை. சம்பளம் பெறும் செவிலியர் இல்லை. பன்னிரண்டு அல்லது பதினைந்து வயதுள்ள பிள்ளை ஒன்றே இரவும் பகலும் பணியில் இருக்கிறது. நோயுற்றோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டில் கவனித்துக்கொள்ளும் அப்பிள்ளைகளைப் பற்றி இந்த ஆண்டு மலரில் எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

யார் இவர்கள்? பக்கவாதத்தால் கை கால் விழுந்துவிட்ட தாத்தாவை, படுக்கைப்புண் வராமல் இரவில் எழுந்து திருப்பிப் படுக்க வைப்பவள் ஒருத்தி. பாட்டிக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சீருடை அணிந்து பேருந்துக்கு ஓடுபவள் ஒருத்தி. மூளை வளர்ச்சி குன்றிய தம்பிக்குச் சோறூட்டி, வாய் துடைத்து, உடை மாற்றிவிடுபவள் ஒருத்தி. சிறுநீரகம் பழுதுபட்ட தந்தைக்கு டயாலிசிஸ் நடக்கும் மணிக்கணக்கான நேரம் வராந்தாவில் உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தைப் புரட்டுபவள் ஒருத்தி. மனநோயுற்ற தாய் மாத்திரையை விழுங்கினாரா, தலையணைக்கடியில் ஒளித்தாரா என்று கவனிப்பவள் ஒருத்தி. ஆண் பிள்ளைகளும் இவர்களுள் உண்டு. எல்லாருக்கும் பொதுவானது ஒன்று. காலை மணி அடித்ததும் இவர்களும் நம்மோடு வரிசையில் நின்று ஜெபம் சொல்கிறார்கள். பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது.

நமது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பிழைப்பை எண்ணிப் பாருங்கள். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்டு ஆலைகளும். செயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புகள். பருத்தி வெடித்தால் அன்றே எடுக்க வேண்டும். வெங்காயத்தைக் காலத்தில் பட்டறையில் சேர்க்காவிட்டால் அழுகிப்போகும். கூலிக்குப் போகும் தாய் ஒரு நாள் நின்றுவிட்டால் அந்த நாளின் வருமானம் போயிற்று. தந்தையோ திருப்பூரிலோ, சென்னையிலோ, வளைகுடா நாட்டிலோ இருப்பார். வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால், கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். சம்பாதிப்பவர் வீட்டில் இருக்க முடியாது; சம்பாதிக்காதவர் இருக்கலாம். அந்தச் சம்பாதிக்காதவர் பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் மகள்தான்.

மருத்துவ வசதி முன்னைவிட அருகில் வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய நோய் என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோதான் போக வேண்டும். இன்றும் பலர் அங்கே போகிறார்கள். ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்பது, எக்ஸ்ரே அறைக்கு வழி கேட்பது, மருந்துச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது ஆகியவற்றுக்கெல்லாம் படித்த துணை ஒன்று வேண்டும். வீட்டில் படித்தவர் யார்? ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைதான். கல்வி கற்றதாலேயே கல்விக்கு விடுப்பு எடுக்க வேண்டிய நிலை அவளுக்கு ஏற்படுகிறது.

இத்தகைய பெண்ணைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது? “பொறுப்பான பிள்ளை”, “அந்த வீட்டுக்கு இவள்தான் தாய்”, “இந்த வயதில் இவ்வளவு பொறுமையா!” என்று மனமாரப் பாராட்டுகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் பாராட்டியவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அவள் மறுபடியும் வாளியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போகிறாள். அதுமட்டுமா? பாராட்டப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு சுமையும் சேர்ந்துவிடுகிறது. “என்னால் முடியவில்லை, தூக்கம் வருகிறது, எனக்குப் பரீட்சை இருக்கிறது” என்று அவள் இனிமேல் சொல்ல முடியாது. சொன்னால் நல்ல பெயர் போய்விடும் அன்றோ?

இதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. 2020 மே மாதத்தில், கொரோனா ஊரடங்கின்போது, ஜோதி குமாரி என்னும் 15 வயதுச் சிறுமி, காலில் காயமுற்ற தன் தந்தையை மிதிவண்டியின் பின்னால் உட்கார வைத்து, தில்லிக்கு அருகேயுள்ள குருகிராமிலிருந்து பீகாரிலுள்ள தர்பங்கா மாவட்டத்துச் சொந்த ஊருக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்துச் சென்றாள். உலகமே வியந்தது. அமெரிக்காவிலிருந்தும் புகழுரை வந்தது. சைக்கிள் பந்தயத்துக்குத் தேர்வு செய்து பார்க்கலாம் என்று அழைப்பும் வந்தது. 2021இல் மத்திய அரசின் சிறுவர்க்கான ‘பால புரஸ்கார்’ விருதும் கிடைத்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அவள் தந்தை மாரடைப்பால் காலமானார்.

அவளுடைய துணிவுக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். நோயுற்ற தந்தைக்குத் துணையாக அவ்வளவு பெரிய நகரத்தில் அச்சிறுமி ஒருத்தி மட்டும் ஏன் இருந்தாள்? வறுமையால் எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றிருந்தபோது யார் கேட்டார்கள்? அந்த 1,200 கிலோமீட்டர் அவளுடைய வீரத்தின் அளவு மட்டுமன்று. ஒரு குழந்தையை நாம் எவ்வளவு தூரம் தனியாக விட்டோம் என்பதன் அளவும் அதுதான். மிதிவண்டி ஓட்டியதால் அவள் கண்ணில் பட்டாள். வீட்டுக்குள்ளேயே அத்தனை தூரம் நடப்பவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்படி நடப்பதற்கு என்ன விலை? முதலில் வருகைப் பதிவு குறைகிறது. பிறகு வீட்டுப்பாடம் தவறுகிறது. இரவில் இரண்டு முறை எழுந்தவளுக்குக் கணக்கு வகுப்பில் கண் சொக்குகிறது. தன்னைவிடக் கனமானவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலிக்கிறது. மாலையில் நின்று விளையாட நேரமில்லாததால் தோழியர் ஒவ்வொருவராக விலகுகின்றனர். எல்லாவற்றுக்கும் முடிவில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிறது. அந்த நேரத்தில் வீட்டில் நோய் முற்றினால், “இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம்” என்கிறார்கள். தேர்வில் தவறியவர்க்கும் எழுதாதவர்க்கும் துணைத்தேர்வு உண்டு என்பது உண்மையே. ஆனால் ஒருமுறை புத்தகப் பையை ஆணியில் மாட்டிய பெண் அதை மறுபடி எடுப்பது எளிதன்று. நோயாளி தேறி எழுந்தாலும், அவளுக்குச் சமையலும் திருமணப் பேச்சும் காத்திருக்கும்.

பெண் என்று எழுதினோம். வேண்டுமென்றேதான் எழுதினோம். 2019இல் மத்திய அரசு நாடு முழுவதும் 6 வயது முதல் எல்லாரிடமும் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டனர். வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும் பணியிலும் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். இந்த வேறுபாடு திருமணத்துக்குப் பிறகு திடீரென்று வருவதில்லை. தாத்தாவுக்குத் தண்ணீர் கொடு என்று அம்மா சொல்லும்போது, அண்ணனும் தங்கையும் அருகருகே உட்கார்ந்திருந்தாலும், எழுந்து போவது தங்கைதான். அங்கேதான் அது தொடங்குகிறது.

சட்டம் இப்பிள்ளைகளைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு பார்த்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியர் பள்ளிக்கு வர வேண்டுமானால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சொன்னது. மடியில் குழந்தை இருப்பதால் ஒரு பெண் பள்ளிக்கு வரவில்லை என்று அன்றே அரசு கண்டுகொண்டது. ஆனால் கட்டிலில் நோயாளி இருப்பதால் வராதவளுக்கு அப்படி ஒரு வழி சொல்லப்படவில்லை. 2010இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளோர்க்கு உரியது. பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களுள் பலர் அந்த வயதைத் தாண்டிவிட்டோம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத்துக்கு உதவலாம் என்கிறது. இரவு பன்னிரண்டு மணியும் பள்ளி நேரத்துக்குப் பிறகுதானே!

அதே 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கவனிப்பவர் என்றால் யார் என்று விளக்கியிருக்கிறது. பெற்றோர், குடும்பத்தார் உட்பட, கூலி பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளியைக் கவனித்து உதவும் எவரும் கவனிப்பவரே. அதில் வயது குறிப்பிடப்படவில்லை. ஆகவே பதினைந்து வயது அக்காளும் சட்டத்தின் கண்ணில் கவனிப்பவர்தான். ஆனால் அந்தக் கவனிப்பவருக்கு மறுநாள் காலை தேர்வு இருக்கக்கூடும் என்பதை எண்ணிச் செய்த ஏற்பாடு ஒன்றும் அச்சட்டத்தில் இல்லை.

நம் மாநிலத்தில் நல்ல திட்டங்கள் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே அளித்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிடைத்தது. 2025 செப்டம்பரில் ‘அன்புக் கரங்கள்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் நோயாலோ உடற்குறையாலோ காப்பாற்ற இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் என்று அது வகுத்தது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு.

இவற்றையெல்லாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் ஒன்று தோன்றுகிறது. மாத்திரை கொண்டுவருபவர் நோயாளியின் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதுகிறார். அருகில் நின்று அந்த மாத்திரையை வாங்கி வைப்பவளிடம், “இன்று பள்ளிக்கூடம் இல்லையா, பாப்பா?” என்று ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ள அவருடைய தாளில் ஓர் இடம் இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

அப்படி எழுதிக்கொள்ளும் நாடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் சிறுவர்க்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி மன்றமே ஆராய வேண்டும். 2023 முதல் பள்ளிகளின் மாணவர் கணக்கெடுப்பிலும் இதற்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. முதலாண்டில் பெரும்பாலான பள்ளிகள் தங்களிடம் அப்படி ஒரு பிள்ளையும் இல்லை என்றே எழுதின. பிள்ளைகள் இல்லாமலா? கேட்கப்படாமல்தான். படிவத்தில் கட்டம் போட்டால் போதாது, யாராவது அன்போடு கேட்கவும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

சப்பானில் 2021இல் ஒரு கணக்கெடுப்பின் முடிவு வெளியாயிற்று. நம் எட்டாம் வகுப்புக்குச் சமமான வகுப்பில் 17 பேருக்கு ஒருவர், வீட்டில் யாரையேனும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு தமக்கு இருப்பதாகக் கூறினர். அவர்களுள் பெரும்பாலோர் அதைப் பற்றி ஒருவரிடமும் கலந்து பேசியதே இல்லை. 2024இல் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, இப்பிள்ளைகளுக்கு உதவுவதும் அரசின் கடமை என்று சேர்த்தது. செல்வம் மிகுந்த நாட்டிலேயே 17 பேருக்கு ஒருவர் என்றால், நம் ஊரில் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எத்தனை பேர் இருப்பர்? நமது 2011 மக்கள் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களைக் கவனித்துக்கொள்வது யார் என்ற கேள்வி அதில் கேட்கப்படவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்திலுள்ள கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993இல் வலிதணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தோன்றியது. பிறகு ஊர்தோறும் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கு முறைவைத்துச் சென்று கவனிக்கும் பழக்கம் பரவியது. மாணவர்களும் அதில் சேர்ந்தனர். 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவருக்கு உதவித்தொகை தர ‘ஆசுவாசகிரணம்’ என்ற திட்டமும் ஏற்பட்டது. பணத்தைவிட நாங்கள் பெரிதாக நினைப்பது அந்த முறைவைத்துச் செல்லும் வழக்கத்தையே. அண்டை வீட்டார் இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்தால், ஒரு பிள்ளை இரண்டு மணி நேரம் படிக்கலாம்.

நம் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை? வெட்கம் ஒரு காரணம். காசநோய், வலிப்பு, மனநோய், தந்தையின் குடி ஆகியவற்றை வெளியில் சொன்னால் குடும்பப் பெயர் கெடும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அக்காளின் திருமணம் தடைப்படும் என்ற அச்சமும் உண்டு. அம்மா அப்பாவை விட்டுத் தன்னைப் பிரித்து எங்காவது விடுதியில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் சிறுவர்க்கு உண்டு. இவற்றையெல்லாம் விட, இது ஒரு குறை என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. எல்லா வீடும் இப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. பிறருக்கு வந்த தலைவலிக்குப் பக்கத்தில் பல ஆண்டு உட்கார்ந்திருப்பவரின் வலி யாருக்குமே தெரிவதில்லை.

இங்கே திருவிவிலியத்திலுள்ள தோபித்து நூலின் கதையை நினைவூட்ட விரும்புகிறோம். நினிவே நகரில் வாழ்ந்த தோபித்து, பிறருக்கு நன்மை செய்த நல்லவர். அவருக்குக் கண்பார்வை போயிற்று. மனைவி அன்னா கூலிக்கு நெய்து குடும்பத்தைக் காத்தாள். அவர்களுக்கு ஒரே மகன் தோபியா. மேதியா நாட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தை வாங்கிவர மகனை அனுப்ப வேண்டியதாயிற்று. கூலிக்கு நெய்யும் தாய், பார்வை இழந்த தந்தை, பொறுப்பு முழுவதும் பிள்ளைமேல். இது நம் ஊர்க் கதை போலவே இருக்கிறதல்லவா?

ஆனால் அந்தத் தந்தை செய்ததைக் கவனியுங்கள். “நீ பொறுப்பான பிள்ளை, போய் வா” என்று அவர் தனியே அனுப்பவில்லை. நம்பிக்கையான வழித்துணை ஒருவரைத் தேடச் சொன்னார். அந்தத் துணைக்கு நாள் கூலியும் பேசினார். அப்படி வந்த துணைதான் வானதூதர் இரபேல். மீனைப் பிடித்தவன் தோபியாவே. அதன் பித்தப்பையை எடுத்து வைத்தவனும், திரும்பி வந்து தந்தையின் கண்களில் தடவியவனும் அவனே. வானதூதர் அவனுடைய வேலையைப் பறித்துக்கொள்ளவில்லை. கூடவே நடந்தார், வழி சொல்லிக் கொடுத்தார். மகனின் அன்பும் மங்கவில்லை, மகனின் வாழ்வும் கெடவில்லை. நாங்கள் கேட்பதும் இவ்வளவுதான்.

சிலர் மறுப்புக் கூறலாம். “பெற்றோரைக் கவனிப்பது பிள்ளையின் கடமை. இதையெல்லாம் சுமை என்று எழுதினால் பிள்ளைகள் மனம் கெட்டுவிடும்” என்பர். நாங்கள் கடமையை மறுக்கவில்லை. நான்காம் கட்டளையை நாங்கள் அறிவோம். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் இரக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாது. மாலையில் பாட்டிக்குக் கஞ்சி கொடுப்பது கடமை. ஆனால் பாட்டிக்கு ஆள் இல்லை என்று மூன்று மாதம் பள்ளிக்கு வராமல் இருப்பது கடமை அன்று. பெரியவர்கள் பகிர்ந்துகொள்ள மறந்த கடமையின் பாக்கி அது. இன்னும் சிலர், “ஏழை வீட்டில் வேறு என்ன செய்ய முடியும்?” என்பர். அந்தத் தாய்மாரை நாங்கள் குறை கூறவில்லை. அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? அதனால்தான் அந்த ஒரு வீட்டைப் பார்த்து மட்டும் பேசாமல், எல்லாரையும் பார்த்துப் பேசுகிறோம்.

மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே! ஆண்டுத் தொடக்கத்தில் எங்களிடம் தந்தையின் தொழிலையும் ஆண்டு வருமானத்தையும் கேட்டு எழுதிக்கொள்வது வழக்கம். அவற்றோடு, “வீட்டில் யாருக்கேனும் நோய் உண்டா? அவரை யார் கவனித்துக்கொள்கிறார்கள்?” என்று தனியே அழைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பில் எல்லார் முன்னும் கேட்க வேண்டாம். தாமதமாக வருபவளிடம் காரணம் கேட்டபின் தண்டனையைப் பற்றி யோசியுங்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்களில் தவறிய பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள். எந்தச் சலுகைக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும் என்று தெரியாத பெற்றோர்க்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இங்கே இரண்டு மாவட்டத்திலும் உண்டு.

அன்புள்ள பெற்றோர்களே! வீட்டு வேலையை மகளுக்கும் மகனுக்கும் சமமாகப் பங்கிடுங்கள். தாத்தாவைத் தூக்கி உட்கார வைக்க அண்ணனின் தோளே அதிக வலிமையுள்ளது. சித்தப்பா, அத்தை, மாமா வீட்டாரிடம் உதவி கேட்க நாணாதீர்கள். தேர்வுக் காலத்திலாவது ஒரு மாதம் முறைவைத்து வரச் சொல்லுங்கள். நோயைப் பற்றிப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன நடக்கிறது என்று அறியாமல் இரவெல்லாம் விழித்திருப்பதே கொடுமை.

பங்கிலுள்ள பெரியோர்களே! நோயாளிகளைச் சந்திக்கும் வின்சென்ட் தே பவுல் சபை 1833இல் பாரிசில் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையான பிரெடெரிக் ஓசானாம் அப்போது 20 வயது மாணவர். மாணவர் தொடங்கிய சபை, நோயாளியைப் பார்க்கப் போகும்போது அங்குள்ள மாணவியையும் பார்க்கட்டும். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவிலுக்கு நோயுற்றோரைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் சிறுபிள்ளைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். பிப்ரவரி 11, நோயுற்றோர்க்கென உலகத் திருச்சபை 1993 முதல் கடைப்பிடித்து வரும் நாள். அன்று நோயாளிகளுக்காகச் சொல்லும் மன்றாட்டோடு, அவர்கள் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளைகளுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

தோழியரே! நம்மால் ஆவதும் உண்டு. வராதவளுக்கு அன்றைய பாடக்குறிப்பை எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கலாம். சனிக்கிழமை மாலை இருவர் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போய், ஒருத்தி பாட்டிக்குச் செய்தித்தாள் படித்துக் காட்ட, மற்றவள் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அவள் வீட்டில் கண்டதை வெளியில் பேசாமல் இருப்பது மிகவும் முக்கியம். உன் வீட்டிலேயே இந்நிலை என்றால், ஒரு ஆசிரியையிடமாவது சொல். அதுவும் முடியாவிட்டால் சிறுவர் உதவிக்கு 1098 என்ற எண்ணும், மனச்சோர்வுக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. உதவி கேட்பது அம்மாவைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. அம்மாவை நெடுநாள் கவனித்துக்கொள்ளத் தெம்பு தேடுவதாகும்.

வரும் மார்ச்சு மாதத்தில் நாங்கள் பொதுத்தேர்வு எழுதப் போகிறோம். தேர்வுக்கூடத்தில் எங்கள் வகுப்பின் ஒரு நாற்காலியும் காலியாக இருக்கக்கூடாது என்பது எங்கள் ஆசை. யாருடைய வீட்டில் யார் படுக்கையில் இருந்தாலும், அந்த மூன்று மணி நேரம் அவர் அருகே உட்கார வேறொருவர் வரட்டும். அவளைப் பாராட்ட விரும்புவோரே முதலில் வரட்டும்.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு